மஞ்சள் கவரில் போட்ட பொரி

ஆயுத பூஜைப் பொரியை மஞ்சள் கவரில் போட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னது நான்தான். இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் கம்பெனி மைசூரில் ஹெப்பாள் பக்கம் இருக்கிறது. வண்டிகளுக்கு இரும்புப் பாகங்கள் செய்கிறோம். நான் ஸ்டோர்ஸில் கிளார்க்காகச் சேர்ந்தவள். படித்தது பி.காம். பல வருடம் ரசீதும் கையெழுத்துமாக ஓட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "மேடம், இனிமே பேக்கிங் வேஸ்ட் உங்க பொறுப்பு" என்றார் மேனேஜர். குப்பை அள்ளவா இவ்வளவு படித்தேன் என்று அன்றைக்கு வீட்டில் போய் ஆத்திரப்பட்டேன், அழுதேன். ஆனால் இறங்கிப் பார்த்த பிறகு விட முடியவில்லை. அட்டைப்பெட்டி, மரச்சட்டம், தெர்மகோல், கட்டுகிற பட்டை, கவர், கவருக்குள்ளே இன்னொரு கவர். அடேயப்பா! உள்ளே இருக்கிற சாமான் ஒரு கைப்பிடி, சுற்றி வந்தது ஒரு மூட்டை.

பிடித்தால் குரங்குப்பிடி என்பது என் சுபாவம். மரப்பெட்டிகளை சப்ளையர்களே திருப்பி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி செய்தேன். அட்டையையும் பிளாஸ்டிக்கையும் யாராவது ஒரே தொட்டியில் போட்டால், அது மேனேஜராகவே இருந்தாலும் நின்று கத்துவேன். பேக்கிங் லைனில் எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள், 'கசதம்மா' என்று. கன்னடத்தில் கச என்றால் குப்பை. "கசதம்மா பந்த்ரு", வந்துவிட்டார் என்று ஒருத்திக்கு ஒருத்தி கண்ணைக் காட்டுவது எனக்குத் தெரியும். கோபம் வராது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வருடம் ஸ்டோர்ஸ் மூலையில் நாலு பெரிய பெட்டி மஞ்சள் கவர் கேட்பாரற்றுக் கிடந்தது. ஏதோ ஒரு பாகத்துக்காக வாங்கியது. அந்த ஆர்டரே நின்றுபோனதால் கவரும் நின்றுபோனது. அளவு வேறு என்பதால் மற்ற சாமானுக்கு ஆகாது. புத்தம் புதுசு, ஒரு சொட்டு எண்ணெய் பட்டதில்லை. அதைத் தூக்கி எறிய எனக்கு மனசு வரவே இல்லை. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு கவர் பொரி கடலை. பொரிக்கென்று ஒவ்வொரு வருடமும் புது பிளாஸ்டிக் கவர் வாங்குவார்கள். நாலு பெட்டி கவர் இங்கே சும்மா கிடக்கும்போது எதற்கு வாங்க வேண்டும்? இதுதான் நான் மீட்டிங்கில் சொன்னது.

மஞ்சள் கவர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். இரும்புச் சாமான் துருப்பிடிக்காமல் இருக்க எங்கள் லைனில் தினமும் அதில்தான் போடுவார்கள். கெட்டியான பிளாஸ்டிக், காற்று போகாது, அதனால் துரு வராது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவள் என்ற மிதப்பு.

கவரின் முன்பக்கம் கறுப்பு மையில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ நாலு வரி அச்சாகியிருந்தது. பண்டிகைக்குக் கொடுக்கிறபோது அது அசிங்கமாக இருக்குமே என்று, தசரா வாழ்த்து போட்ட ஒரு ஸ்டிக்கரைக் காகிதத்தில் அடித்து, சரியாக அந்த நாலு வரி மேலேயே ஒட்டச் சொன்னேன். முந்தின நாள் மதியமே கேன்டீன் ஆட்கள் பொரியும் கடலையும் வெல்லமும் போட்டு, வாயைச் சூடு வைத்து ஒட்டி அடுக்கிவிட்டார்கள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

பூஜையன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பதினொன்றரைக்குப் பொரி கொடுக்க ஆரம்பித்தோம். என் கையாலேயே கொடுத்தேன். பேக்கிங் லைனில் வேலை செய்கிற ஒரு பெண் வந்தாள். கொள்ளேகால் தாண்டி இருக்கிற ஹனூர்க்காரி, எங்கள் கம்பெனியில் தமிழ் பேசுகிற நாலைந்து பேரில் ஒருத்தி, அதனால் என்னிடம் கொஞ்சம் உரிமை. அவளும் புருஷனும் மைசூரில் ஒரே ஒரு அறை எடுத்து இருக்கிறார்கள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை ஹனூரில் அக்காவிடம் விட்டிருக்கிறாள். லீவு கிடைத்தால் பஸ் ஏறி ஓடுவாள்.

"எங்குட்டிக்கு இன்னொண்ணு குடுங்க்கா" என்றாள்.

ஆளுக்கு ஒன்றுதான் கணக்கு. நான் சுற்றிப் பார்த்துவிட்டு இன்னொன்றை அவள் பைக்குள் திணித்தேன். "இது உனக்கில்ல, அவளுக்கு. நீயே உக்காந்து ஊட்டி விடு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

பன்னிரண்டரைக்குக் கம்பெனி பஸ்களும் கிளம்பின. நான் ஆபீசில் உட்கார்ந்து, பொரிக் கவரைப் படம் பிடித்து, அந்தக் கவரை எங்களுக்கு விற்ற கம்பெனியின் ஆளுக்கு அனுப்பினேன். 'உங்கள் கவர் வீணாகப் போகவில்லை பாருங்கள்' என்று ஒரு வரி வேறு. ஒரு நிமிஷம் இருக்காது, போன் அடித்தது. அவர் பெங்களூர்த் தமிழர். எப்போதும் வளவளவென்று பேசுகிறவர், அன்று எடுத்தவுடனே கேட்டார்.

"மேடம், அந்தக் கவருக்குள்ள என்ன போட்டிருக்கீங்க?"

"பொரி."

"சாமி படத்துக்கு முன்னாடி வைக்கவா? சாப்பிடவா?"

"சாப்பிடத்தான். ஏன் சார்?"

அவர் விளக்கினார். "மேடம், அது வெறும் பிளாஸ்டிக் இல்ல. துருவுக்கான மருந்தை பிளாஸ்டிக்கோடவே கலந்து செய்யறது. அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமா ஆவியா வெளிய வந்து உள்ள இருக்கிற சாமான் மேல படியும். இரும்பு வெச்சா இரும்பு மேல படியும். பொரி வெச்சா பொரி மேல படியும். சாப்பாட்டுப் பொருள் படவே கூடாதுன்னு கவர் மேலயே அச்சடிச்சிருக்கமே, பாக்கலியா?"

என் மேஜை மேல் இருந்த கவரின் ஸ்டிக்கரை நகத்தால் கிழித்தேன். இருந்தது. பொடி எழுத்தில், இங்கிலீஷில், இரண்டாவது வரியில். நாற்காலியிலிருந்து எழுந்தேன், எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை, திரும்ப உட்கார்ந்தேன். நானே ஒட்டச் சொன்ன ஸ்டிக்கர்!

மேனேஜரிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் சொன்னது வேறு. "ஒரு நாள் பொரிதானே மேடம், ஒண்ணும் ஆகாது. இதை இப்ப ஊரெல்லாம் சொன்னா கம்பெனி பேரு கெட்டுடும். சத்தம் போடாம இருங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "உங்க பேரக்குழந்தைக்கு ஊட்டுவீங்களா சார் அந்தப் பொரியை? சொல்லுங்க, ஊட்டுவீங்களா?" என்று அவர் ரூமிலேயே கத்தினேன். வெளியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அங்கேயே நின்று கம்பெனி டாக்டருக்குப் போன் போட்டேன்.

டாக்டர் நிதானமாகக் கேட்டார். "பெரியவங்க ஒரு கை சாப்பிட்டிருந்தா பயப்பட வேண்டாம். சின்னக் குழந்தைங்களுக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்திருந்தா வாந்தி இருக்கா, உதடு நீலமாகுதான்னு பாக்கச் சொல்லுங்க. அப்படித் தெரிஞ்சா உடனே ஆஸ்பத்திரி" என்றார்.

எல்லா பஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் என் குரலிலேயே கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்லி அனுப்பினேன். பொரியைச் சாப்பிடாதீங்க, தப்பு என்னோடது, கவரோட திருப்பிக் கொடுங்க என்று. டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டி வாங்கி வைத்தார்கள். பூஜையில் வைத்த பொரியை எப்படித் தூக்கிப் போடுவது, பாவமில்லையா என்று சிலர் தகராறு செய்தார்கள். "பாவம் எனக்கு வரட்டும், நீங்க கொடுங்க" என்றேன். "கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்கிற முதல் ஆள் நீங்கதான் கசதம்மா" என்று ஒருத்தி போனிலேயே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லிஸ்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தேன்.

கடைசியில் ஒரே ஒரு பெயர் நின்றது. ஹனூர்க்காரி. போன் சுவிட்ச் ஆஃப். அவள் புருஷன் செல்போன் டவர் வேலைக்கு கேரளா பக்கம் போயிருக்கிறான், அவன் போனும் போகவில்லை. லைனில் வேலை செய்கிற எல்லோரிலும் ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பது அவளுக்கு மட்டும்தான். அவளுக்குத்தான் நான் ரெண்டு கவர் கொடுத்தேன். ஊட்டி விடச் சொல்லியும் அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் ஸ்கூல் வாத்தியார். அன்று லீவு. காரைக் கழுவி, முன்னால் ரெண்டு வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, நான் வந்தால் நசுக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தார். "ஹெப்பாளுக்கு வாங்க, ஹனூர் போகணும்" என்றேன் போனில். என்ன ஏது என்று கேட்காமல் வந்தார். காரில் ஏறிய பிறகு சொன்னேன். மனுஷர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு உனக்குத் தெரியுதா?" என்றார். "தெரியுது, ஓட்டுங்க" என்றேன்.

தசரா கூட்டம், ஊருக்குள் போக வழியில்லை. ரிங் ரோடு பிடித்து நரசிபுரம் ரோட்டில் விழுந்தோம். வாழைக்கன்று காற்றில் படபடவென்று கண்ணாடியில் அடித்தது. நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அவள் நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் போயிருப்பாள், குழந்தையைப் பார்த்திருப்பாள், இடுப்பில் தூக்கிக்கொண்டு பையைப் பிரித்திருப்பாள். பொரி பார்த்தால் எந்தக் குழந்தைதான் கை நீட்டாது? அந்த உதடு என்ன நிறத்தில் இருக்கும் என்று என் புத்தி போய்க்கொண்டே இருந்தது. கொள்ளேகாலில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி நல்ல பொரியும் கடலையும் கொஞ்சம் சாதாரணக் கவரும் வாங்கினேன். பண்டிகை நாளில் ஒரு வீட்டிலிருந்து பொரியைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு எப்படி நிற்பது? வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஹனூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விசாரித்து, ஐந்து மணிக்கு அவள் அக்கா வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் அவளே நின்றாள். குழந்தை இடுப்பில்.

"என்னங்க்கா இவ்ளோ தூரம்?"

குழந்தையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பி உதட்டைப் பார்த்தேன். நீலம் இல்லை, ஈரமாக, நல்ல உதடு. அது என்னைப் பார்த்து மிரண்டு உதட்டைப் பிதுக்கியது. "பொரி குடுத்தியா? பொரி? சாப்ட்டாளா?" என்று கத்தினேன்.

"இல்லீங்க்கா. நாளைக்குக் காத்தால பூசை பண்ணிட்டு எல்லாருக்கும் சேத்துக் குடுக்கலாம்னு சாமிகிட்ட வெச்சிருக்கேன். பிரிக்கவே இல்லீங்க."

சாமி படத்துக்கு முன்னால் ரெண்டு மஞ்சள் கவரும் சீல் உடையாமல் பூவோடு இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். நாற்பத்தைந்து வயசுக்காரி, அடுத்தவர் வீட்டில், வெட்கமே இல்லாமல். வீட்டுக்காரர் கவர் ரெண்டையும் எடுத்துக்கொண்டு போய் கார் டிக்கியில் போட்டார். அவளுடைய அக்கா காபி போட உள்ளே போனாள்.

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கவரில் மருந்து கலந்திருப்பதை, அது ஆவியாக வருவதை, டாக்டர் சொன்னதை. "ஆண்டவன் காப்பாத்துனானுங்க்கா" என்றாள். "நீங்க அழாதீங்க. வேற யாரா இருந்தா இவ்ளோ தூரம் வருவாங்களா?" என்று என் முதுகைத் தடவினாள். என் மனசு லேசாகிக்கொண்டே வந்தது. குழந்தையும் பழகிப்போய் என் வளையலைப் பிடித்து இழுத்தது. தப்பு செய்தோம், ஓடி வந்து சரி செய்துவிட்டோம் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நான் வாங்கி வந்த பொரியை அக்கம்பக்கம் கொடுப்பதற்காக அவள் எதிரில் உட்கார்ந்து பங்கு போட ஆரம்பித்தாள். கொள்ளேகால் கடைக் கவர் ஒன்றை எடுத்தாள். வாயில் வைத்தாள். புஃப் என்று ஒரு ஊது. கவர் விரிந்தது, ஒரு படி பொரி விழுந்தது. அடுத்த கவர். புஃப். கண்ணைக் கவரிலிருந்து எடுக்காமல், மெஷின் மாதிரி.

"என்னம்மா இது, சாமி பொரியை எச்சில் பண்றே?" என்று சிரித்தேன்.

"அய்ய, ஆமாங்க்கா!" என்று நாக்கைக் கடித்தாள். "பழக்கதோசம். லைன்ல பொழுதுக்கும் இதுதானுங்களே. கவரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, கையில கிளவுசு போட்டுட்டு விரல்ல பிரிக்க வரமாட்டேங்குது. வாயில வெச்சு ஒரு ஊது, சாமானப் போடு. எல்லாரும் அப்புடித்தான்."

"எந்தக் கவர்?" என்று கேட்டேன். எனக்கே தெரியும். இருந்தும் கேட்டேன்.

"மஞ்சக் கவருதானுங்க்கா. முன்னால நீங்க குடுத்த பொரிக் கவராட்டம் கெட்டியா இருந்துச்சு, தானாத் தொறந்துக்கும். நீங்க மெலுசாப் பண்ணீங்களே, அப்பொறந்தான் ஊத வேண்டியதாப் போச்சு."

ஆமாம். நான்தான் பண்ணினேன். ரெண்டரை வருஷத்துக்கு முன்னால், லைனில் ஓடுகிற மஞ்சள் கவரை மெல்லிசாக மாற்றி பிளாஸ்டிக்கைக் குறைத்தேன். அதற்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள், எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது. கவர் மாறிய பிறகு வேலை எப்படி ஓடுகிறது என்று பார்க்க, போனைப் பிடித்துக்கொண்டு லைன் பக்கத்திலேயே ஒரு நாள் முழுக்க நின்றேன். அவர்கள் ஊதியதைப் பார்த்தேன். இந்த ரெண்டு கண்ணால் பார்த்துவிட்டு, 'வேகம் குறையவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் கையில் கவர் நின்றுவிட்டது. நான் சற்று முன் சொன்னதை அவளும் யோசிக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. ஊதின பிறகு மூச்சை எங்கிருந்து இழுக்க வேண்டும்? அதே கவரின் வாயிலிருந்துதானே.

"ஏனுங்க்கா" என்றாள் மெதுவாக. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு கவர் பொரிக்கு நீங்க இவ்ளோ தூரம் ஓடி வந்தீங்க. இவ வயித்துல இருந்தப்ப, ஏழு மாசம் வரைக்கும் நான் ஊதினேனுங்களே. அதனால ஒண்ணும் இல்லீங்களே?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையில் இருந்த கவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, என் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.